வீட்டம்மா பங்கு

பெரிய பாலம் வெள்ளத்தில் போனதற்கு அடுத்த வருடம், ஆகஸ்ட் மாதக் கடைசி வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில், கல்யாணமே ஆகாத யோஸ்ட் பெய்லருக்கு பொத்தான் வைக்காத மேல்சட்டையின் மூன்றாவது கொக்கி வரை தாடி வளர்ந்தது. அந்த வாரம் மழை இல்லை. சோளம் பால் பிடிக்காமல் நின்றது. கீழ்க்கரையில் இரண்டு பசுக்களுக்கு மடி வீங்கியிருந்தது. யோஸ்ட்டுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. காரும் மின்சாரமும் வேண்டாமென்று சபையாக வாழ்கிற ஸ்டோனி ரன் பள்ளத்தாக்கில் கல்யாணம் ஆனவன் தாடி விடுவான், ஆகாதவன் மழிப்பான், மீசை ஒருத்தருக்கும் கிடையாது. ஒருவனுக்குப் பெண்டாட்டி உண்டா இல்லையா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, முகவாயைப் பார்த்தால் போதும். ஆகவே விஷயம் சின்னதில்லை. ஆனாலும் யோஸ்ட் அன்றைக்கு அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அறுவடை நெருங்கும்போது ஊரில் பாதிப் பேருக்குச் சேணம் அறுந்துபோகும், சேணம் தைக்கிற அவருக்குத் தலை நிமிர நேரமில்லை.

அவர் களைத்துப்போன மனிதர். பிறக்கும்போதே அப்படியில்லை, ஊர்தான் அவரைக் களைக்க வைத்தது. அப்பா பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தபோது தம்பி டேனியலுக்குக் குடும்பம் இருந்தது, தங்கைகளுக்குக் குழந்தைகள் இருந்தன, யோஸ்ட்டுக்கு இரண்டும் இல்லை, அதனால் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யோஸ்ட். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனபோதும் அதே கணக்கு. யார் வீட்டுக் கொட்டகை எரிந்தாலும், எந்தச் சித்தப்பாவுக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தாலும், "யோஸ்ட்டைக் கூப்பிடுங்கப்பா, அவருக்கென்ன, புள்ளையா குட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சைத் தொடங்குவார்கள். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை சபை கூடும்போது தாடி உள்ளவர்கள் பெஞ்சில் அவருக்கு இடம் கிடையாது. பதினெட்டு, இருபது வயதுப் பையன்களோடு, முழங்கால் இடிக்க இடிக்க, கடைசி பெஞ்சில் உட்காருவார். பையன்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகி முன்னால் போய்விடுவார்கள். அடுத்த வருடம் புதுப் பையன்கள் வருவார்கள். நாற்பது வருடமாக அந்த பெஞ்சிலிருந்து நகராதவர் அவர் ஒருவர்தான், அது அவருக்கு வலித்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவருடைய சேணப் பட்டறைக்கு வந்தவர் சவில்லா ட்ராயர். ஓடைக்கு மேல்கரையில், வேறு சபைக்காரர்கள் நடுவில், கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு எட்டாவது குழந்தை பிறந்ததால் ஒஹையோவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. இரண்டு புருஷர்களை அடக்கம் செய்தவர். பதினோரு பிள்ளைகளை வளர்த்தவர், அதில் நாலுதான் அவர் பெற்றது, மற்றவை இரண்டாவது புருஷனின் முதல் தாரத்துப் பிள்ளைகள். ஒரு வார் அறுந்துவிட்டது என்று மகள் அனுப்பியிருந்தாள். சவில்லாவுக்கு ஒரு பழக்கம், வண்டி ஓட்டும்போது குதிரையிடம் பேசிக்கொண்டே வருவார். "நீயும் கிழடு, நானும் கிழடு, மெதுவாப் போடா ராசா, யாரும் நமக்காகக் காத்துக்கிட்டு இல்ல" என்று அவர் சொன்னது பாதை திரும்புகிற இடத்திலிருந்தே பட்டறைக்குள் கேட்டது. யோஸ்ட்டின் முகவாய் அரித்தது. "ராசா" என்ற சொல்லுக்கு முள் முள்ளாய் வந்தது, குதிரையைக் கட்டிவிட்டுக் கதவைத் திறப்பதற்குள் ஒரு விரற்கடை இருந்தது. ஆகவே சவில்லா முதல்தடவை பார்த்தபோதே யோஸ்ட் தாடிக்காரர்தான். தாடிக்காரர் என்றால் சம்சாரி. பின்வாசல் வழியாக, தோட்டத்துக்கு அந்தப்பக்கம், ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அது டேனியலின் மனைவி நெட்டி.

"உங்க வீட்டம்மாவா அது? துணியை என்ன வெள்ளையா வெளுக்கிறாங்க!" என்றார் சவில்லா.

யோஸ்ட்டின் பல் இடுக்கில் மெழுகு நூல் இருந்தது. இரண்டு கையாலும் நூலை இழுத்து இறுக்குகிற நேரம். தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. சவில்லா அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டு, நிம்மதியாக அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகாத ஆண் தனியாக இருக்கிற பட்டறை என்று தெரிந்திருந்தால் வாசலிலேயே வாரை நீட்டிவிட்டுத் திரும்பியிருப்பார். வீட்டம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது உட்காருவதில் தப்பில்லை. உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியபடியே முக்கால் மணி நேரம் பேசினார், திறந்ததும் பார்வை வாசலில் நின்ற குதிரை மேல்தான் போனது.

அடுத்த வியாழக்கிழமை வார் எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனாலும் கடைக்குப் போகிற வழியில் சவில்லா நிறுத்தினார். வட்டத் தகரத்தில் சுட்ட பாகுக் கேக் ஒன்று கொண்டுவந்தார். "பாதி உங்களுக்கு, பாதி வீட்டம்மாவுக்கு" என்றார். இந்தத் தடவை யோஸ்ட்டின் வாயில் நூல் இல்லை. வாயைத் திறந்தார். "நன்றி" என்றுதான் வந்தது. அன்று சாயந்தரம் கேக்கை நடுவில் சரிபாதியாக வெட்டி ஒரு பாதியைத் தின்றார், தகரத்தைக் கழுவி வைத்தார், மற்றப் பாதியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது வீட்டம்மாவுக்குக் கொடுத்தது. அவர் தின்றால் அடுத்தவர் பொருளைத் தின்றதாகும். எறிந்தால் அன்னத்தை எறிந்த பாவம். நெட்டிக்குக் கொடுக்கலாம், ஆனால் நெட்டி அவருக்கு வீட்டம்மா இல்லையே. கடைசியில் அதை மெழுகுத்தாளில் சுற்றி, குளத்து ஐஸ் பாளங்களை மரத்தூளுக்குள் அடுக்கிவைக்கிற கொட்டகையில், ஒரு பலகை மேல் வைத்தார். அடுத்த வாரம் இன்னொரு பாதி. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. வீட்டம்மா பங்கு இப்படி வாரம் தவறாமல் சேர்ந்துகொண்டே வந்தது.

அவர் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரிடமாவது யாரும் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பேசியிருக்க மாட்டார்கள். சவில்லா பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. கால் வீக்கம், பேத்திக்கு வயிற்றுவலி, முதல் புருஷன் ரூபன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்த நாளில் அடுப்பில் பீன்ஸ் கருகிக்கொண்டிருந்தது, இரண்டாவது புருஷன் ஈலை நல்லவர்தான் ஆனால் அவர் வாயால் தன் பேரைச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை, "இந்தா" என்றுதான் கூப்பிடுவார், இப்படி. "நான் பொறந்ததுலேர்ந்து யாராவது ஒருத்தருக்குப் பசிச்சுக்கிட்டேதான் இருக்கு யோஸ்ட். ஊட்டி முடிச்சு நிமிர்ந்தா அடுத்த ஆளு வாயைத் தொறக்குது. உங்க பெஞ்சுலதான் எம் மடியில யாரும் புள்ளையத் தூக்கிப் போடறதில்ல" என்று ஒருதடவை சொன்னார். யோஸ்ட் ஊசியை நிறுத்திவிட்டார். அவருக்கும் அதையேதான் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தாடி மூன்றாவது கொக்கியைத் தாண்டி நாலாவதுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் நாளையிலிருந்து இந்த பெஞ்சுக்கு வர முடியாது. அது அவருக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

சவில்லா போனதும் யோஸ்ட் தாடியை மழித்துவிடுவார். மழித்த முடியை நெட்டி இரண்டாம் வாரமே குப்பையில் பார்த்துவிட்டாள். நெட்டிக்கு வாய் நீளம், மனசு நல்ல மனசு. "ஏன் யோஸ்ட், பட்டறைக்குள்ள ஆட்டுக்கு ரோமம் வெட்டுறீங்களா? நம்மகிட்ட ஆடே இல்லையே!" என்று கேட்டாள். யோஸ்ட் சேணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டி மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிட விசித்திரங்கள் நடந்திருக்கின்றன. லீவை ஸூக்கின் கிணற்றில் ஒரு வாரம் மோர் ஊறியது. எல்லோரும் வாளியோடு போனார்கள், எட்டாம் நாள் தண்ணீர் வந்தது, வாளியைக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மேல்கரையிலோ சவில்லா ஒருதடவை மகளிடம், "அந்தச் சேணக்காரர் வீட்டம்மா எப்படி?" என்று கேட்டார். எட்டாவது குழந்தை அலறிக்கொண்டிருந்தது. "நல்ல பொம்பளைம்மா" என்றாள் மகள், என்ன கேட்டார்கள் என்றே காதில் வாங்காமல். ஒரு விதவை அதற்கு மேல் ஓர் ஆணைப் பற்றி விசாரித்தால் இரண்டு சபைகளுக்கும் காது முளைக்கும். சவில்லா விட்டுவிட்டார்.

நவம்பரில் பிஷப் அம்மோன் கண்ணில் இது பட்டது. அம்மோன் யோஸ்ட்டோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். பிஷப் ஆகவேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. சபையில் சீட்டுப் போட்டார்கள், அவர் பேருக்கு விழுந்தது, ஆனார், அன்றிலிருந்து மாடு கறப்பதோடு ஊர்ச் சண்டையும் அவர் தலையில். ஒரு வியாழக்கிழமை குதிரையின் கழுத்துப்பட்டையைத் தைக்கக் கொண்டுவந்தவர், சவில்லாவின் வண்டி எதிரே போவதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். யோஸ்ட் நாலாவது கொக்கி வரை தாடியோடு நின்றார். அம்மோன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பெஞ்சில் உட்கார்ந்தார், பெருமூச்சு விட்டார்.

"ஞாயித்துக்கிழமை வழவழன்னு இருந்துச்சு."

"ஆமா."

"இன்னிக்கு என்ன?"

"நான் வளர்க்கல அம்மோன். அதுவா வளருது. அவங்க குரல் கேட்டா வளருது."

அம்மோன் அவசரக்காரர் இல்லை. அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கே வந்து, தொங்கிக்கொண்டிருந்த தோல்களுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். வண்டி திருப்பத்தில் குரல் கேட்டதும் முள் வந்ததைப் பார்த்தார், பேச்சு பேத்தியின் வயிற்றுவலியிலிருந்து மகளின் மாமியாருக்குத் திரும்பிய இடத்தில் அது இரண்டாவது கொக்கியைத் தொட்டதைப் பார்த்தார், கேக்கையும் பார்த்தார், "பாதி வீட்டம்மாவுக்கு" என்றதையும் கேட்டார். சவில்லா போன பிறகு வெளியே வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அற்புதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது ஆண்டவர் பாடு.

"தாடி வளர்ந்தது உந்தப்பு இல்ல. வீட்டம்மான்னு அவங்க சொன்னப்ப தலையாட்டினியே, அது உந்தப்பு."

"வாயில நூல் இருந்துச்சு."

"சரி. எத்தனை வாரமா வாயில நூல் இருக்கு?"

யோஸ்ட் ஊசியில் நூல் கோத்தார். அம்மோன் கழுத்துப்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். கிறிஸ்துமஸ் முடிந்து வரும் ஞாயிறு சபை கூடும், அதற்குள் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சபை நடுவில் முழங்கால்போட்டு எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும், என்றார். சொல்லிவிட்டு வாசலில் நின்றார். "சொன்னா அவங்க வரமாட்டாங்க, இல்ல?" என்று கேட்டார். "வரமாட்டாங்க" என்றார் யோஸ்ட். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மோன் மாடு கறக்கப் போனார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன் நாலு வியாழக்கிழமைகள் இருந்தன. முதல் வியாழன் யோஸ்ட் சொல்ல வாயெடுத்தபோது சவில்லா, இண்டியானாவிலிருந்து மகன் கடிதம் போட்டிருக்கிறான் என்றார். அவன் மனைவிக்கு ஜனவரியில் பிரசவம், அம்மா வந்தால் தேவலை என்று எழுதியிருந்தான். "தேவலையாம். அந்தப் புள்ள கேட்டதுல தப்பில்ல. எங்கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றார். இரண்டாவது வியாழன், ஒஹையோவில் இருந்த தன் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம் என்றார், இனிமேல் எந்த ஊரிலும் தனக்கென்று ஒரு கட்டில் இல்லை என்பதைச் சாதாரணமாகச் சொன்னார். மூன்றாவது வியாழன் பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணோரம் நனைந்தது, துடைத்துக்கொண்டு பேத்தியைப் பற்றி ஆரம்பித்தார். களைத்துக் கிடக்கிறவரிடம் இதையும் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வியாழனும் யோஸ்ட் தாடியை மழிக்கும்போது கண்ணாடியில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். கோழை, கிழட்டுக் கோழை, என்றார். விருந்து நாளில் பட்டினி கிடப்பவன் மாதிரி, எல்லாம் எதிரே இருந்தும் ஒரு வாய் அள்ள முடியவில்லை.

நாலாவது வியாழனில் சவில்லா வரவில்லை. மகள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். கிறிஸ்துமஸ் அன்று காலையில் உபவாசம், வசனம் வாசித்தல், அமைதி. மறுநாள் இரண்டாம் கிறிஸ்துமஸ், அன்றுதான் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் வருவதும் தின்பதும் சிரிப்பதும். டேனியலும் நெட்டியும் நெட்டியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் பனி. மதியம் சாப்பாடு முடிந்த நேரம், பாதைத் திருப்பத்தில் குதிரையோடு பேச்சுச் சத்தம் கேட்டது. யோஸ்ட் முகவாயில் கை வைத்தார். வந்துகொண்டிருந்தது.

சவில்லா இந்தத் தடவை பட்டறைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் கேக், தோளெல்லாம் பனி. "திங்கக்கிழமை பஸ்ஸு. நாலு மாசமா வீட்டம்மா துணியை மட்டும் பாத்துக்கிட்டிருக்கேன். மூஞ்சிய ஒருதரம் பாத்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கூப்பிடுங்க" என்றார்.

"இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

"எங்கயும் போகல. இல்லவே இல்ல, சவில்லா. நான் கட்டவே இல்ல. துணி காயப்போடறது என் தம்பி பொண்டாட்டி."

சவில்லா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கேக்கை மேஜைமேல் வைத்தார். "தாடி?" என்றார். நீங்கள் பேசினால் வளருகிறது என்றார் யோஸ்ட். அறுபத்திரண்டு வயதில் என்னிடம் விளையாடுகிறீர்களா என்று சவில்லா குரலை உயர்த்தினார். உயர்த்திய குரலுக்குத் தாடி அவர் கண்முன்னால் ஒரு கொக்கி இறங்கியது. நாலு மாதத்தில் முதல்முறையாக அவர் யோஸ்ட்டின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான். "பொண்டாட்டி இல்லாதவன் வீட்டுல நான் நாலு மாசம் உக்காந்து காலு வலிக்குதுன்னு சொல்லியிருக்கேன்! மேல்கரைல தெரிஞ்சா எம் மவ தலைகாட்ட முடியுமா? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்று அவர் கேட்கக் கேட்கத் தாடி நாலாவது கொக்கி, ஐந்தாவது கொக்கி, இடுப்பு என்று இறங்கியது. யோஸ்ட் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்க. அதான்" என்றார் அவர்.

சவில்லாவுக்குத் திட்ட இன்னும் நிறைய இருந்தது, ஆனால் தெம்பு தீர்ந்துவிட்டது. நாலு நாளாகக் காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர். ஆடும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன். நீங்க பேசாதீங்க" என்றார். உட்கார்ந்தார். பிறகு, நினைவு வந்தவராக, "அப்ப அந்தப் பாதிக் கேக்கெல்லாம் யாரு தின்னா?" என்று கேட்டார். யோஸ்ட் விளக்கமாகச் சொல்லத் தெரியாதவர். கோட்டை மாட்டிக்கொண்டு ஐஸ் கொட்டகைக்குப் போனார்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் பனியில் மூன்று நடை நடந்தார். முதல் நடை முடிந்து வந்தபோதே சவில்லா தூங்கிவிட்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் மடியில் மேல்நோக்கி விரிந்து கிடந்தன. இப்படி வெட்டவெளிச்சத்தில் தூங்க அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருடமாக யாரும் இடம்கொடுக்கவில்லையோ. யோஸ்ட் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அடுப்பில் விறகு போட்டார், மெழுகுத்தாள் சத்தம் போடாமல் பிரித்து, பாதிக் கேக்குகளை மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினாறு இருந்தன. அடுக்கிவிட்டு எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பயமாக இருந்தது, விழித்ததும் போய்விடுவார் என்று. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மூன்று மணிக்கு அம்மோன் வந்தார், சொன்னானா இல்லையா என்று பார்க்க. கதவைத் திறந்தவர், கல்யாணமாகாதவன் வீட்டில் ஒரு விதவை நாற்காலியில் தூங்குவதையும், இடுப்புவரை தாடியோடு ஒருவன் எதிரில் காவலிருப்பதையும், மேஜை நிறையப் பாதிக் கேக்குகளையும் பார்த்தார்.

"என்னடா இது?" என்றார், தாழ்ந்த குரலில்.

"தூங்குறாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். திட்டிட்டுத் தூங்கிட்டாங்க."

அம்மோன் யோசித்தார். இரண்டு பேரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது, தூங்குகிறவரை எழுப்பவும் மனசு வரவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் கண் சொக்கியது. அன்றைக்கு அந்த அறையில் களைப்பில்லாதது அடுப்பு ஒன்றுதான்.

நாலரைக்கு சவில்லா கண்விழித்தார். சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார், எதையோ அடுப்பில் மறந்துவிட்டவர்போல. பிறகு எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. மேஜையைப் பார்த்தார். எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது செப்டம்பரில் செய்தது, பாகு கொஞ்சம் கூடிப்போனது. இது பேத்திக்கு அம்மை போட்டிருந்தபோது. இது ஓரம் தீய்ந்தது. ஒன்றில்கூட ஒரு விள்ளல் குறையவில்லை.

"நெட்டிக்குக் குடுத்திருக்கலாமே" என்றார்.

"வீட்டம்மாவுக்குன்னு சொல்லிக் குடுத்தீங்க."

"தூக்கியாவது போட்டிருக்கலாம்."

"அவங்க பங்கு அது. நான் எப்படித் தூக்கிப் போடுறது?"

சவில்லா ஜன்னலுக்குப் போனார். திங்கட்கிழமை பஸ் இருந்தது, இண்டியானாவில் தனக்கென்று ஒரு கட்டில்கூட இல்லாத ஒரு வீடு இருந்தது, அங்கே இன்னும் பிறக்காத ஒரு வாய் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே குதிரையைப் பார்த்தார். யாரோ அதன் முதுகில் கம்பளி போர்த்தி, வைக்கோல் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. திரும்பி வந்து மேஜைமுன் உட்கார்ந்தார்.

"பசிக்குது. ஒரு துண்டு வெட்டுங்க" என்றார்.

யோஸ்ட் இன்று வந்த புதுக் கேக்கை எடுக்கப் போனார். "அது இல்ல. இது" என்று சவில்லா செப்டம்பர்ப் பாதியைக் காட்டினார். யோஸ்ட் கத்தியோடு அப்படியே நின்றார். "அது வீட்டம்மா பங்கு சவில்லா" என்றார்.

"தெரியும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. வெட்டுங்க."

வெட்டினார். கல் மாதிரி இருந்தது, காப்பியில் நனைத்துத் தின்றார். அம்மோனுக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். "எனக்கு வேணாம், அது என் பங்கு இல்ல" என்றார் அவர், தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக.

இண்டியானாவுக்கு அன்று இரவே கடிதம் எழுதப்பட்டது. ஒரு வேலைக்காரப் பெண்ணை வைத்துக்கொள், அம்மாவுக்குக் கல்யாணம், என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஜனவரி மாதம் இரண்டு சபைகளிலும் அறிவித்து, ஒரு வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. வழக்கமாகப் பந்தியில் அடுக்குகிற செலரிக் கீரைத்தண்டு வைக்காத கல்யாண விருந்து இந்தப் பள்ளத்தாக்கில் அது ஒன்றுதான், அந்த நேரத்தில் தோட்டத்தில் எதுவும் கிடையாது. பதிலாக, பதினைந்து பாதிக் கேக்குகளை வந்தவர்களுக்கு வெட்டி வைத்தார்கள். பல் உள்ளவர்கள் தின்றார்கள். நெட்டி மட்டும் மூன்று துண்டு தின்றாள், நாலு மாதமாகத் தன் துணிக்கொடிக்குக் கிடைத்த பெயருக்கு ஈடாக. அடுத்த ஞாயிறு யோஸ்ட் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் போனார். பையன்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள்.

தாடி அதன்பின் ஒழுங்காக இருந்தது, வருடத்தில் சில நாட்கள் தவிர. சவில்லா பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் போனால் மூன்றாம் நாள் முடி உதிர்ந்து முகவாய் மொழுமொழுவென்று ஆகிவிடும். கடைத்தெருவில் ஆண்கள், "என்ன யோஸ்ட், பழையபடி பையனாயிட்டியா? எப்ப வர்றாங்க?" என்பார்கள். வருகிற அன்றைக்கு பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முள் முளைக்கும், அவர் வண்டியைப் பூட்டுவார். ஊரில் சிலர் பஸ் நேரம் தெரிந்துகொள்ளக்கூட அவர் முகவாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சவில்லா மதியத்தில் தினமும் ஒரு மணி நேரம் தூங்கினார், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பூட்ஸ் போட்டு நடக்கவில்லை. இப்படிப் பதினோரு வருடம்.

பன்னிரண்டாவது வருடம் பிப்ரவரியில், செவ்வாய்க்கிழமை மதியம், அந்த ஆடும் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தபோது சவில்லா இறந்தார். யோஸ்ட் நாலு மணிவரை எழுப்பவில்லை. அடக்கத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். நிலம் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட ஒருநாள் முழுதும் ஆனது. மூன்றாம் நாள் எல்லோரும் ஜாடையாக யோஸ்ட்டின் முகவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிகூட உதிரவில்லை. நாலாம் நாளும் உதிரவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எழுபத்துமூன்று வயது அம்மோன், தைக்க எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு பட்டறைக்கு வந்தார். பாதைத் திருப்பத்தில் வண்டி எதுவும் இல்லை. யோஸ்ட் ஊசியை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு இருந்தது, தாடி மெல்ல ஒரு கொக்கி இறங்கியது. அம்மோன் தொப்பியை ஆணியில் மாட்டினார். பெஞ்சில், அடுப்புக்குப் பக்கத்து இடத்தை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.